மூன்று மணித்தியாலம் ஓடுகிற மெஷின் எப்படி மிச்சம் பிடிக்கும்?

12.05.2024, கல்முனையிலிருந்து ஒரு வாசகர்

அக்கா, போன மாதம் முன்கதவு வைத்த வாஷிங் மெஷின் ஒன்று வாங்கினோம், 7 கிலோ. அதில் எக்கோ என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. போட்டால் 3:20 என்று காட்டும், ஆனால் முடிய நாலரை மணித்தியாலம் எடுக்கிறது. அதே மெஷினில் 15 நிமிட ஓட்டமும் இருக்கிறது. கால் மணித்தியால வேலைக்கு அரை நாள் ஓடவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உம்மா அந்தப் பொத்தானைத் தொடவே விடுகிறா இல்லை. விற்கிறவர்கள் சொல்லும் கதை என்றுதான் நினைக்கிறேன். யாராவது அளந்து பார்த்தீர்களா?

12.05.2024, இரவு

கதை இல்லை, தம்பி. ஓடுகிற நேரத்தை வைத்துக் கரண்டைக் கணக்குப் பார்க்க முடியாது. டிரம்மைச் சுற்றுகிற மோட்டர் குடிப்பது கொஞ்சம். தண்ணீரைச் சுடவைக்கிற ஹீட்டர்தான் பெருங்குடியன். முன்கதவு மெஷின்களில் அது பெரும்பாலும் 2000 வாட் அளவில் இருக்கும், கிட்டத்தட்ட கேத்தல் மாதிரி. எக்கோ ஓட்டத்தில் சூட்டைக் குறைத்து, அதை ஈடுகட்ட நேரத்தை நீட்டுகிறார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

உம்மா இரவு சவர்க்காரத் தண்ணீரில் பள்ளிச் சட்டையை ஊறவைத்து விடிந்ததும் தோய்த்திருப்பாவே, அதே வேலைதான் இது. ஊறவைத்த சட்டைக்குக் கல்லில் அடி குறைவாகப் போதும் என்று அவவுக்குத் தெரியும்.

மெஷின் காட்டுகிற 3:20 எப்படி நாலரையாகிறது என்பது வேறு விஷயம். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

13.05.2024

இந்த ஊறவைக்கிற கணக்குக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஹென்கெல் கம்பனியில் வேலை செய்த ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹேர்பேர்ட் சின்னர் 1959 இல் சொன்னது. அழுக்குப் போக நான்கு வேண்டும்: சவர்க்காரம், சூடு, அசைவு, நேரம். ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்த மாதிரி. ஒன்றைக் குறைத்தால் மற்றது வீங்கியாக வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வெள்ளாவியைத்தான் உதாரணம் காட்டுவேன். அங்கே சூடு பெரிய துண்டு. ஆற்றங்கரைக் கல்லில் அசைவு பெரிய துண்டு. எக்கோவில் நேரம் பெரிய துண்டு.

15 நிமிட ஓட்டத்தில் நேரமும் இல்லை, சூடும் இல்லை. அப்போ அழுக்கைப் போக்குவது என்ன? பெரும்பாலும் போகாது. வியர்வை மணம் போகும், கழுத்துப்பட்டியில் இருக்கிற எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருக்கும்.

அப்புறம் நாலரை மணித்தியாலம். இங்கே எல்லார் வீட்டிலும் தண்ணீர்த் தாங்கி கூரைக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. மெஷின் புத்தகங்களில் குறைந்த அழுத்தம் 0.5 பார் என்று போட்டிருப்பார்கள். 10 மீற்றர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார். ஆக மெஷினுக்கு மேலே 5 மீற்றர், 16 அடிக்குக் கொஞ்சம் கூட, தண்ணீர் நிற்க வேண்டும். 12 அடித் தட்டில் வைத்த தாங்கி அதைத் தராது. தண்ணீர் மெதுவாக ஏறும்வரை மெஷின் காத்துக்கொண்டு நிற்கும். உங்களுடைய சிக்கல் இதுதான், தாங்கியை உயர்த்துங்கள்.

14.05.2024

நேற்று எழுதியதன் கடைசி வரியை அப்படியே செய்துவிட வேண்டாம். தட்டு உயர்த்துவது பெரிய செலவு. முதலில் ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள். மெஷினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி 5 லீற்றர் வாளிக்குள் விட்டு, நிரம்ப எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பாருங்கள். அந்த எண்ணை எழுதுங்கள், மறுகா பேசுவோம்.

19.05.2024, ஞாயிறு

அளந்தேன். வாயால் சொல்வதை விட இது நல்லது என்று பட்டது.

எங்கள் வீட்டு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று எழுதியிருக்கிறது. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கும், அதுதான் துடிப்பு. உங்கள் மீட்டரில் எண் வேறாக இருக்கலாம், முகப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தி, மெஷினை மட்டும் ஓடவிட்டேன். மூத்தவன் கடிகாரம், இளையவன் எண்ணுகிறவன், நான் கொப்பியில் எழுதினேன்.

6 கிலோ உடுப்பு, எக்கோ 40. தண்ணீர் ஏறி முடிந்த கையோடு விளக்கு மின்னத் தொடங்கியது. நிமிடத்துக்கு 53 தடவை. எண்ண முடியாமல் இளையவன் கையை ஆட்டத் தொடங்கிவிட்டான். ஆறு நிமிடம் அப்படியே போனது. திடீரென்று அமைதி. நிமிடத்துக்கு இரண்டு தடவை, அவ்வளவுதான். டிரம் கொஞ்சம் சுற்றும், நிற்கும், மற்றப் பக்கம் சுற்றும். இந்த நிலை மூன்று மணித்தியாலம். கடைசியில் பிழிகிற நேரத்தில் 12 நிமிடத்துக்கு ஒன்பது ஒன்பதாக மின்னியது.

கூட்டினால் 790 துடிப்புக்குக் கிட்ட. அரை யூனிட். இதில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஆறு நிமிடத்தில் மட்டும் போனது. 200 நிமிடத்தில் ஆறே நிமிடம்!

பின்னேரம் பருத்தி 60 என்ற ஓட்டம். இது 2 மணி 20 நிமிடம்தான், எக்கோவை விட ஒரு மணித்தியாலம் குறைவு. விளக்கு 20 நிமிடம் 53 வீதம் மின்னியது. மொத்தம் 1500. கிட்டத்தட்ட ஒரு யூனிட். நேரம் குறைந்தது, கரண்ட் இரட்டிப்பு.

20.05.2024

தாளில் சரிபார்த்தேன். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற 4.2 கிலோயூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோயூல். 15 லீற்றரை 30 இலிருந்து 60 க்கு ஏற்றினால் 1890 கிலோயூல், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. உடுப்பும் டிரம்மும் சூடேற வேண்டும் என்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் போகும். விளக்கு சொன்னதும் அதைத்தான்.

இதில் எங்களுக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த மெஷின்களைச் சோதிக்கும்போது உள்ளே விடுகிற தண்ணீர் 15 பாகை. மட்டக்களப்பில் குழாயைத் திறந்தாலே 28, 30. வெயில் குடித்த கறுப்புத் தாங்கியிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வருகிற முதல் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. அதனால் பெட்டியில் ஒட்டியிருக்கிற கரண்ட் செலவு எண் எங்கள் வீட்டுக்குக் கூடிய எண். பகலில் மெஷினைப் போடுங்கள், வெயில் பாதிச் சூட்டைச் சும்மா தந்துவிடும்.

21.05.2024

கல்முனைத் தம்பி நேற்றுக் கேட்டது நல்ல கேள்வி: "60 ஐ ஏன் இழுக்கிறீர்கள், நான் கேட்டது 15 நிமிடத்தை அல்லவா?"

உண்மை. அதை நான் அளக்கவில்லை. இன்றைக்கு அளந்தேன், முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 15 நிமிட ஓட்டம் 30 பாகைக்கு வைத்தது. எங்கள் தண்ணீர் ஏற்கனவே 30. ஆகவே ஹீட்டர் போடவே இல்லை! மொத்தம் 130 துடிப்பு, ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்த ஓட்டத்தில் 2 கிலோதான் போடலாம். 6 கிலோவை மூன்று தடவை போட்டாலும் கால் யூனிட், எக்கோவின் பாதி.

ஆகக் கரண்டை மட்டும் பார்த்தால் உம்மா சொன்னது சரி. 12 ஆம் திகதி நான் எழுதியதில் ஹீட்டர் பற்றிய பகுதி சரி, "கதை இல்லை" என்று ஒரே அடியாகச் சொன்னது அவசரம். குளிர்நாட்டில் சரியாக வருகிற கணக்கு இங்கே வந்து கொஞ்சம் புரள்கிறது.

ஆனால் நான் இன்னும் தண்ணீரை அளக்கவில்லை.

26.05.2024

தண்ணீர்.

பழைய 20 லீற்றர் பெயின்ட் வாளிகள் மூன்றை எடுத்து உள்ளே லீற்றர் கோடு கீறினேன். மெஷினின் கழிவு ஹோஸைச் சுவரிலிருந்து கழற்றி வாளிக்குள். ஹோஸின் நுனி கீழே இருந்தால் தண்ணீர் தானாக வழிந்து போய்க்கொண்டே இருக்கும், மெஷின் நிரம்பாது. இடுப்பளவு உயரத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். இதை அறியாமல் முதல் வாளியிலேயே தரை முழுக்க நுரை.

எக்கோ, 6 கிலோ: 46 லீற்றர். 15 நிமிடம், 2 கிலோ: 36 லீற்றர். மூன்று தடவைக்கு 108.

அடுத்த வீட்டு மாமியிடம் மேல்மூடி மெஷின் இருக்கிறது, 7 கிலோ, முழு ஆட்டோ. கேட்டதும் உடனே விட்டா, தானும் பக்கத்தில் நின்று வாளி எண்ணினா. ஏழு வாளி. 140 லீற்றர். உடுப்பு முழுதும் மூழ்கி நிற்க வேண்டிய மெஷின் அது, வேறு வழி இல்லை. முன்கதவு மெஷினில் டிரம் படுத்துக் கிடப்பதால் உடுப்பை அள்ளி அள்ளிக் கீழே கொஞ்சமாக நிற்கிற தண்ணீரில் போடுகிறது. அதனால்தான் மூன்றில் ஒரு பங்கில் காரியம் முடிகிறது.

மாமியின் மெஷினில் ஹீட்டர் இல்லை. விளக்கு எண்ணினால் ஒரு முழு ஓட்டத்துக்கு 240 துடிப்பு. கரண்டில் அது எங்களுடையதை விடச் சிக்கனம். யாராவது "முன்கதவு வாங்கு, கரண்ட் பில் குறையும்" என்று சொன்னால், எதிலிருந்து எதற்கு மாறுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

27.05.2024

"தண்ணீர் கூடினால் இறைக்கிற மோட்டரும் கூட ஓடுமே, அந்தக் கரண்டைச் சேர்க்கவில்லையே" என்று ஏறாவூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அது பெரிய தொகை என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் இல்லை. எங்கள் கிணற்று மோட்டர் அரைக் குதிரைவலு, நிமிடத்துக்கு 30 லீற்றர் ஏற்றும். 140 லீற்றருக்கு ஐந்து நிமிடம் போதும். விளக்கில் 70 துடிப்புக்கு மேல் வராது.

காசுக் கணக்கில் தண்ணீர் சின்ன விஷயம்தான். காசு அல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது, அதை ஆவணியில் எழுதினால்தான் விளங்கும்.

02.06.2024

கல்முனைத் தம்பியின் வாளிக் கணக்கு வந்துவிட்டது: 5 லீற்றர் நிரம்ப 50 நொடி. நிமிடத்துக்கு 6 லீற்றர். இது தாராளம். அப்போ தாங்கியின் உயரம் காரணம் இல்லை, 13 ஆம் திகதி நான் சொன்ன தீர்ப்புப் பிழை. நல்லவேளை தட்டு கட்டவில்லை.

ஹோஸில் தண்ணீர் நன்றாக வருகிறது, மெஷினுக்குள் மெதுவாகப் போகிறது என்றால் இடையில் ஏதோ அடைத்திருக்கிறது. மெஷினின் பின்பக்கம் ஹோஸ் பூட்டுகிற வாயைப் பாருங்கள். அதற்குள் விரல் நுனி அளவில் ஒரு சின்ன வலை இருக்கும். டேப்பைப் பூட்டி, பிளக்கைக் கழற்றி, குறட்டால் மெல்ல இழுத்தால் வரும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிப் போடுங்கள்.

08.06.2024

மூன்று பேர் ஒரே கேள்வி: கரண்ட் பில்லில் இதெல்லாம் தெரியுமா?

அது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணம், அப்புறம் 90, 120, 180 என்று படிகள். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 55 இல் நிற்கிற வீட்டில் மாதம் பத்துத் தடவை 60 பாகையில் தோய்த்தால் அந்தப் பத்து யூனிட் வீட்டையே மேல்படிக்குத் தள்ளிவிடும். 150 இல் நிற்கிற வீட்டுக்கு அதே பத்து யூனிட் பெரிதாகத் தெரியாது. எங்கள் வீடு 58க்கும் 63க்கும் இடையில் ஆடுகிறது, அதனால்தான் நான் விளக்கு எண்ணுகிறேன்.

மின்னழுத்திக்கு 1000 வாட். ஒரு கூடை உடுப்பு அழுத்தினால் எக்கோ ஓட்டத்தை விடக் கூடப் போகும். மெஷினில் எக்கோ போட்டு மிச்சம் பிடித்ததை அழுத்திப் பலகையில் விட்டுவிடாதீர்கள். நீர் சொட்டாத ஈரத்திலேயே உதறி, கையால் நீவிக் கொடியில் போட்டால் சாறனுக்கும் படுக்கை விரிப்புக்கும் அழுத்தி தேவையே இல்லை.

16.06.2024

காத்தான்குடித் தங்கச்சி அபாயா பற்றிக் கேட்டிருக்கிறா. கறுப்புத் துணிக்கு 40 வேண்டாம். குளிர்தண்ணீர், உட்பக்கம் வெளியே வரப் புரட்டி, பிழியும் வேகம் 600. பார்க்க அழுக்கில்லாமல் வியர்வை மட்டும் உள்ள துணிக்குத்தான் அந்த 15 நிமிட ஓட்டம் பிறந்தது. உங்களுக்கு அது மிகச் சரியான பொத்தான்.

மருதமுனைக் கைத்தறிச் சாறனை முதல் மூன்று தடவையாவது தனியாகத் தோயுங்கள். எங்கள் வீட்டில் மாமாவின் புதுச் சிவப்புச் சாறன் இரண்டு வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை ரோசாப் பூவாக்கியது. 60 பாகையில். சூடு சாயத்தையும் இளக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

30.06.2024

வெள்ளைச் சட்டை என்றதும் நினைவு வந்தது. மே 13 ஆம் திகதி கழுத்துப்பட்டிக் கறுப்பைப் பற்றிச் சொன்னேனே, அதைச் சோதித்தேன். இரண்டு பிள்ளைகளின் நான்கு சட்டைகள், கிழமை முழுவதும் போட்டவை. இரண்டை 15 நிமிடத்தில், இரண்டை எக்கோவில். காய்ந்த பிறகு சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். 15 நிமிடச் சட்டையின் கழுத்தில் விரல் அகலத்துக்கு மங்கல் கோடு தெரிந்தது. எக்கோச் சட்டையில் தையல் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு.

சவர்க்காரத் தூளில் நொதியங்கள் இருக்கின்றன. வியர்வை, இரத்தம், குழம்புக் கறை எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டுகிறவை. அவற்றுக்கு மிதமான சூடும் நேரமும் வேண்டும். 15 நிமிடத்தில் அவை கரைந்து வேலையைத் தொடங்கும்போதே மெஷின் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கள் மெஷினில் எக்கோவின் சூட்டைக் கைமாற்ற விடாது, ஆனால் பருத்தி ஓட்டத்தில் சூட்டை 20 க்கு இறக்கலாம். 2013 டிசம்பர் 1 முதல் ஐரோப்பாவில் விற்கிற மெஷின்களில் 20 பாகை ஓட்டம் கட்டாயம். அங்கே 20 என்றால் குளிர். எங்களுக்கு அது தாங்கித் தண்ணீர், 30. ஹீட்டர் போடவே போடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது, முந்நூற்றுச் சொச்சம் துடிப்பு. கழுத்துப்பட்டி எக்கோ அளவுக்கு வெளுத்தது. முதல் நாள் இரவு கழுத்தில் மட்டும் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து வைத்தேன், அதையும் சொல்லவேண்டும்.

இப்போ எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். இந்த ஓட்டம் தண்ணீரைக் கொஞ்சம் கூட எடுக்கும், 60 லீற்றர்.

11.08.2024

ஆவணி வந்துவிட்டது. கச்சான் காற்றுக்குக் கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் முறுகுகிறது. கிணறு இறங்கிவிட்டது.

கல்லடியில் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம். வேகமாக இறைத்தால் அந்த இடத்தில் உப்பு மேலே எழும்பி வரும். எங்கள் கிணற்றில் காலையில் இருக்கிற சுவை பின்னேரம் இருப்பதில்லை. குழாயில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிறது, ஆனால் இந்த ஒழுங்கையில் கிணற்றை மட்டும் நம்பியிருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இப்போ சொல்லுங்கள், 46 லீற்றரா 140 லீற்றரா? யூனிட்டில் கணக்குப் பார்த்தால் 140 மலிவு. எங்கள் கிணற்றிலிருந்து பத்து வீடு தள்ளி ஒரு பெரியம்மா கை வாளியால் அள்ளிக் குடிக்கிறா. எங்கள் மோட்டர் இறைப்பது அதே மணலிலிருந்துதான். காசு அல்லாத கணக்கு என்று மே மாதம் சொன்னது இதைத்தான். ஆவணி, புரட்டாதியில் நான் எக்கோவுக்கே திரும்பிவிடுகிறேன். அரை யூனிட் போனால் போகட்டும்.

18.08.2024

கழிவுத் தண்ணீரை வாழைக்கு விடலாமா என்று கேட்டவருக்கு: நான் ஒரு வருடம் விட்டேன். இலை ஓரம் கருகியது. சவர்க்காரத் தூளில் இருக்கிற சோடியம்தான், வாழைக்கு அது ஒத்துவராது. கடைசி அலசல் தண்ணீரை மட்டும் பிடித்துத் தென்னைக்கு ஊற்றுகிறேன், அதனால் கேடு காணவில்லை.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று. ஹோஸ் வெளியே விழுகிற இடத்திலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி என்று அளந்து பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் 18 அடி. மணலில் தண்ணீர் பக்கவாட்டிலும் நடக்கும். உடுப்புத் தோய்த்த தண்ணீரைத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. மாதக்கணக்கில் மூன்று வேளையும் அந்தக் கிணற்றிலிருந்து சமைத்திருக்கிறேன். நினைக்க நெஞ்சு பதறியது. மறுநாளே பைப் வாங்கி, வளவின் மற்ற மூலைக்கு, கிணற்றிலிருந்து 60 அடிக்கு, கொண்டுபோய் விட்டோம். இந்த இழையில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

20.10.2024

ஹீட்டரில் வெள்ளைப் படிவு பற்றி. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மணலில் கலந்திருக்கிற சிப்பி ஓட்டின் வேலை. சூடாகும்போது அது ஹீட்டர் மேல் ஓடாகக் கட்டும், சவர்க்காரத்தையும் தின்னும். தேசிக்காய்ச் சாறு விடச் சொல்லி இங்கே யாரோ எழுதியிருந்தார்கள், நானும் ஆமோதித்தேன். சக்கை கழிவுப் பம்புக்கு முன்னால் இருக்கிற வடிக்குள் போய் அடைத்தது. சிற்றிக் அமிலப் பளிங்கு கடையில் கிடைக்கும். உடுப்பு இல்லாமல் டிரம்மில் நூறு கிராம் போட்டு 60 பாகையில் ஒரு ஓட்டம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குழாய்த் தண்ணீர் மட்டும் பாவிக்கிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை.

03.12.2024

போன கிழமை வெள்ளம் வந்த வீடுகளுக்கு மட்டும் இது.

தண்ணீர் ஏறிய மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் மோட்டர் கம்பிகளுக்குள் ஈரம் நிற்கும். தெரிந்த பாஸ் ஒருவர் திறந்து பார்க்கும்வரை பிளக் வெளியே இருக்கட்டும்.

சேற்று உடுப்பை நேரே டிரம்முக்குள் போடாதீர்கள், மண் பம்பைத் தின்றுவிடும். முதலில் இரண்டு பாத்திரத்தில் அலசி மண் கழிய விட்டு, அப்புறம் மெஷின். படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி, துவாய் எல்லாவற்றுக்கும் 60 பாகை. யூனிட் பார்க்கவேண்டாம், சூட்டுக்குச் செலவழிக்க வேண்டிய நாள் இதுதான். கிணற்றுக்குக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரில் அலசாதீர்கள். மெஷின் இல்லாமல் நிற்கிறவர்கள் கல்லடிப் பக்கம் என்றால் எழுதுங்கள், எங்கள் வீட்டில் நாளுக்கு மூன்று ஓட்டம் போட முடியும்.

15.12.2024

மாரியில் உடுப்புக் காயவில்லை என்று நான்கு பேர். பிழியும் வேகத்தைப் பாருங்கள். 3 கிலோ காய்ந்த உடுப்பை 800 சுற்றில் பிழிந்து தராசில் தொங்கவிட்டேன்: 5.1 கிலோ. அதையே திரும்ப 1200 இல் பிழிந்தேன்: 4.6. அரை லீற்றர் தண்ணீர் காற்றுக்குப் போகாமல் குழாயில் போனது. அந்த ஒரு பிழிதலுக்கு 60 துடிப்புச் செலவு. இரண்டு நாள் கொடியில் கிடந்து மணக்கிற சட்டையைத் திரும்பத் தோய்ப்பதை விட இது எவ்வளவோ மேல்.

09.02.2025, இரவு

இன்று பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, எங்கள் மெஷின் நடுவழியில் நின்றது. கதவு பூட்டு, உள்ளே தண்ணீர். 2022 இல் 13 மணித்தியாலம் வெட்டிய நாட்களில் பழகியதால் பதறவில்லை. முன்பக்கம் கீழே சின்னக் கதவு ஒன்று இருக்கும், உள்ளே ஒரு மெல்லிய ஹோஸ். அதன் மூடியைக் கழற்றித் தட்டையான தட்டில் விட்டால் தண்ணீர் வடியும். சூடான ஓட்டம் என்றால் ஆறும்வரை பொறுங்கள். ஹோஸ் இல்லாத மெஷினில் அதே சின்னக் கதவுக்குள் இருக்கிற பம்பு வடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கரண்ட் வந்ததும் பெரும்பாலான மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், எங்களுடையது தொடங்கியது.

வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிந்த நாட்களில் நீண்ட ஓட்டம் வேண்டாம். அன்றைக்கு 15 நிமிடம்தான் சரி.

11.02.2025

கல்முனைத் தம்பி எட்டு மாதம் கழித்து வந்து எழுதியிருக்கிறார். வலையைக் கழற்றினாராம். தாங்கி கழுவிய அடுத்த நாள் மெஷினைப் பூட்டியதால் வலை முழுக்க மணல், தேயிலைத் தூள் மாதிரி. கழுவிப் போட்ட பிறகு எக்கோ 3:25 இல் முடிகிறதாம். உம்மா இப்போ வெள்ளைச் சட்டைக்கு எக்கோ, தன் உடுப்புக்கு 15 நிமிடம் என்று தானே பொத்தானை அமர்த்துகிறாவாம்.

தம்பி, ஹோஸின் டேப் பக்கத்து முனையிலும் இன்னொரு வலை இருக்கும். அதையும் கழற்றிப் பாருங்கள்.